தவத்துக்கு மணியடிக்கும் கைபேசி: ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தியான மன்றத்தில் கூட்டுத் தவம் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சைலண்ட் போட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில் நான் முழங்காலுக்கு முன்னால் வைத்திருந்த கைபேசி, காவித் தரையில் கிர்ரென்று அதிர்ந்தபடியே அரையடி தூரம் நகர்ந்து போனது. ஒலியை நிறுத்தியிருந்தேனே தவிர அதிர்வை நிறுத்தவில்லை. சிமெண்டுத் தரையில் அந்த அதிர்வு மணியோசையைவிடப் பெரிதாகக் கேட்டது. ஆசிரியர் கண்ணைத் திறக்கவில்லை. தவம் முடிந்து வாழ்த்துச் சொன்ன பிறகு என்னைப் பார்த்து, “அதையும் கொஞ்சம் உக்கார வெச்சுப் பழக்குங்க” என்று மட்டும் சொன்னார்.

இந்த வழிகாட்டி அந்தப் பழக்குதலைப் பற்றியது. தியானத்தில் கைபேசிக்கு உரிய வேலை கோயிலில் மணியடிப்பவரின் வேலை. தொடங்கும்போது ஒரு மணி, முடியும்போது ஒரு மணி, இடையில் யாரும் உள்ளே நுழையாமல் கதவருகே நிற்பது ஆகிய மூன்றும் அதற்குப் போதும். அதற்கு மேல் எதையாவது அது செய்ய முன்வந்தால் சந்தேகத்தோடு பாருங்கள் என்பதே என் அனுபவம். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்வது நல்லது. இரண்டாம், மூன்றாம் படிகளுக்கு ஒரு மாலைப் பொழுது போதும், மற்றவை நாள்போக்கில் வரும்.

முதற்படி: பயிற்சியை ஆளிடம் கற்றுக்கொள்ளுங்கள்

செயலியைப் பதிவிறக்குவதற்கு முன்னால் என்ன தியானம் செய்யப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். கொங்கு நாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, பிற்காலத்தில் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை நிறுவினார். அவர் வகுத்த மனவளக்கலை என்ற தியானப் பயிற்சியைக் கற்பிக்கும் மன்றங்கள் இன்று நம் பக்கத்துச் சிறு ஊர்களில்கூட உள்ளன. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஈஷா யோக மையம் இயங்குகிறது. மருதமலையில் பாம்பாட்டிச் சித்தர் குகையும், காங்கயம் அருகே ஊதியூர் மலையில் கொங்கணர் குகையும் இருக்கும் மண்ணில் உட்கார்வதற்கு முன்மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை.

ஏன் ஆளிடம் கற்க வேண்டும் என்றால், சில பயிற்சிகள் அப்படிக் கொடுக்கப்படுவதற்கென்றே அமைந்தவை. மனவளக்கலையில் புருவ மத்தியில் கவனம் வைக்கும் ஆக்கினைத் தவத்தை ஆசிரியர் தொட்டுணர்த்தித் தீட்சையாகத் தருகிறார். அங்கே அழுத்தம் மிகுந்தால் கவனத்தை முதுகெலும்பின் அடியில் உள்ள மூலாதாரத்துக்குக் கீழிறக்கும் சாந்தி தவத்தைச் செய்யச் சொல்கிறார். இன்றைக்கு உங்களுக்கு எது வேண்டும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஆள் வேண்டும். ஏற்கெனவே கற்ற பயிற்சியை வீட்டில் நாள் தவறாமல் தொடர்வதற்குத்தான் கைபேசி.

அருகில் மன்றமோ மையமோ இல்லாதவர்கள், ஆசிரியர் கிடைக்கும் வரையில், இயல்பாக ஓடும் மூச்சை மூக்கு நுனியில் கவனிக்கும் எளிய பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு இந்த வழிகாட்டியில் சொல்லும் எல்லா ஏற்பாடுகளும் பொருந்தும்.

இரண்டாம் படி: கதவைச் சாத்துங்கள், முழுக்கச் சாத்தாதீர்கள்

விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டால் ஒரே தட்டலில் எல்லாம் அடங்கிவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் வயதான தாய் தகப்பன் தோட்டத்தில் தனியாக இருக்க, பிள்ளைகள் கோவையிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் குடும்பங்களில் அந்த ஒரு தட்டலே மனத்துக்குள் ஒரு முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கும். “அம்மா கூப்பிட்டால் என்ன செய்வது” என்ற எண்ணம் இருக்கும்வரை தவம் நிற்காது. ஆகவே ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்ற பயன்முறையை ஒரு முறை பொறுமையாக அமைத்துவிடுவதே சிறந்த வழி.

ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் சென்று ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று தேடினால் அந்தப் பக்கம் வந்துவிடும். அதில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, அழைப்புகள்: எல்லோரையும் தடுத்து, நட்சத்திரமிட்ட தொடர்புகளை மட்டும் அனுமதியுங்கள், பிறகு தொடர்புப் பட்டியலில் மூன்று அல்லது நான்கு பேருக்கு மட்டும் நட்சத்திரம் இடுங்கள். நாலு பேருக்கு மேல் நட்சத்திரமிட்டால் அது பழையபடி சந்தைக்கடை ஆகிவிடும். இரண்டாவது, மீண்டும் அழைப்பவர்கள்: இதை அனுமதித்தால், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை வரும் அழைப்பு மட்டும் ஒலிக்கும். ஐபோனில் இந்த இடைவெளி 3 நிமிடம். வீட்டில் எல்லோரிடமும், “அவசரம்னா ரெண்டு தடவ கூப்பிடுங்க, ஒரு தடவன்னா நான் எந்திரிச்சு வந்து பேசறேன்” என்று சொல்லி வைத்துவிட்டால், மனத்துக்குள் குத்தும் முள் பெரும்பாலும் எடுபட்டுவிடும். மூன்றாவது, அலாரங்கள்: இவை அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், முழு அமைதி என்ற வகையைத் தேர்ந்துவிட்டால் சில கைபேசிகளில் முடிவு மணியும் சேர்ந்தே அடங்கிப் போகும்.

ஐபோன்காரர்களுக்கு 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் ‘ஃபோகஸ்’ என்ற வசதி உண்டு. தியானத்துக்கென்று தனியாக ஒன்றை உருவாக்கி, அனுமதிக்கும் ஆட்களைக் குறிப்பிட்டு, நேரமும் வைத்துவிட்டால் அது தானாகவே தொடங்கி தானாகவே முடியும். ஃபோகஸ் ஓடிக்கொண்டிருந்தாலும் அலாரமும் டைமரும் ஒலிக்கும்.

இரு வகைக் கைபேசியிலும் அதிர்வைத் தனியாக நிறுத்த மறக்க வேண்டாம். காவித் தரையின் கதையை மேலே சொன்னேன்.

ஏற்பாடு முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். பக்கத்து அறையிலிருந்து வீட்டார் ஒருவரைக் கூப்பிடச் சொல்லி, முதல் அழைப்பு வராமலும் இரண்டாம் அழைப்பு வந்தும் ஆகிறதா என்று கேட்டறியுங்கள். சோதிப்பவர் நட்சத்திரமிட்ட எண்ணிலிருந்து கூப்பிட்டால் முதல் அழைப்பே வந்துவிடும், எனவே வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட வேண்டும்.

மூன்றாம் படி: மணி

வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான். நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல்தான் தியானத்தில் உட்கார்ந்தவரைத் திரும்பத் திரும்பக் கண் திறக்கச் செய்வது. அந்த ஆவலைக் கைபேசி ஏற்றுக்கொண்டால் நமக்குப் பாதி பாரம் குறையும்.

எவ்வளவு நேரம் என்பதற்கு நம்மிடம் ஓர் அழகான அளவு இருக்கிறது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம்; நாளுக்கு 60 நாழிகை. புதிதாகத் தொடங்குபவர் கால் நாழிகை, அதாவது 6 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அது உறுத்தாமல் போகத் தொடங்கியதும் அரை நாழிகையான 12 நிமிடம். பிறகு முழு நாழிகை. செயலிகள் காட்டும் 10, 15, 20 என்ற எண்களைவிட இந்த அளவு உட்காரும் வேலைக்குப் பொருத்தமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, ஒருவேளை அது அமுச்சி (அம்மாவின் அம்மா) சொல்லிக் கேட்ட சொல் என்பதாலும் இருக்கலாம்.

மிக எளிய வழி, கைபேசியிலேயே இருக்கும் கடிகாரச் செயலியின் டைமர். ஆனால் அதன் வழக்கமான ஒலி பஸ் ஹாரனைப் போலத் தூக்கிவாரிப் போடும். ஆண்ட்ராய்டின் கூகுள் கடிகாரத்தில் டைமர் ஒலியை மாற்றலாம், நம்முடைய ஒலிக்கோப்பையே சேர்க்கலாம், ஒலி சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடும்படியும் வைக்கலாம். இடையிடையே மணி வேண்டுமென்றால் ‘இன்சைட் டைமர்’ என்ற செயலியின் இலவசப் பகுதியே போதுமானது. தொடக்க மணி, இடைமணி, முடிவு மணி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். வியட்நாமியத் துறவி திக் நியத் ஹான் வழிவந்த ‘ப்ளம் வில்லேஜ்’ செயலியும் கட்டணமில்லாதது. பகலில் நாம் குறிக்கும் இடைவெளியில் ஒரு மணியை ஒலித்து ஒரு மூச்சு நின்று போகச் சொல்லும். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்பவர்களுக்கு இது சரிவராது. கணக்கு எழுதும் மேசைக்காரர்களுக்கு உதவும்.

இங்கே நான் பட்ட ஓர் இடரைச் சொல்ல வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகச் சில கைபேசிகள் திரை அணைந்த சிறிது நேரத்தில் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. ஒரு நாள் விடியற்காலை தோட்டத்து வீட்டில் 24 நிமிடம் வைத்து உட்கார்ந்தேன். மணி அடிக்கவே இல்லை. இன்னும் நேரம் ஆகவில்லை போலிருக்கிறது, இன்றைக்குத் தவம் ஆழமாக வருகிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் திறந்தபோது வெயில் வாசலுக்கு வந்திருந்தது. பால் சொசைட்டி வண்டி போய்விட்டது. இரண்டு மாட்டுப் பால் கேனில் அப்படியே நின்றது. அன்று மத்தியானம் வீட்டில் எல்லோருக்கும் தயிர். இதைத் தவிர்க்க, அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்துக்குச் சென்று, பேட்டரிப் பயன்பாட்டைக் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகும் இரண்டொரு நாள் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

சொந்த மணி

கடைசியில் நான் எந்த டைமரையும் நம்பாமல் வந்து சேர்ந்த முறை ஒன்று உண்டு. இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஒரு நாழிகை நீளமுள்ள ஒலிக்கோப்பு ஒன்றை நீங்களே செய்துகொள்வது அது. பாட்டுக் கேட்கும் செயலியில் அதை ஓடவிட்டால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் ஒலியைக் கைபேசி எளிதில் நிறுத்துவதில்லை.

செய்யும் விதம் இது. பூசையறையில் இருக்கும் வெண்கல மணியை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, அதைத் தரையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள்; துண்டு இல்லாவிட்டால் தரையின் அதிர்வும் சேர்ந்து பதியும். மணி குறைந்தது நான்கடி தள்ளி இருக்க வேண்டும். அருகில் வைத்து அடித்தால் ஒலி உடைந்து, கேட்கும்போது தகரத்தைத் தட்டியதுபோல இருக்கும். ஒலிப்பதிவில் பேச்சுக்கென்று ஒரு முறையும் சாதாரணமாக ஒரு முறையும் இருந்தால் சாதாரண முறையையே தேர்ந்துகொள்ளுங்கள். பேச்சு முறை மணியின் நீண்ட ரீங்காரத்தை இரைச்சலென்று எண்ணி வாலை வெட்டிவிடும். மணியை ஒரே ஒரு முறை அடித்து, ஒலி முற்றிலும் காற்றில் கரையும்வரை அசையாமல் இருங்கள். பிறகு பதிவை நிறுத்தாமலே தவத்துக்கு உட்காருங்கள்.

முடிவு மணியை அடிக்க இன்னோர் ஆள் வேண்டும். என் பதிவுக்கு அமுச்சி உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி விளக்கியபோது, “பெரிய முள்ளு அஞ்சுகிட்ட வந்தா அடிச்சாப் போதுமா கண்ணு?” என்று கேட்டார்.

“போதுங்க அமுச்சி. அதுவரைக்கும் பேசக் கூடாதுங்க.”

“நான் என்னத்தப் பேசப் போறேன்” என்றார், அதுவும் பதிவாகியிருக்கிறது.

அந்தக் கோப்பில் இரண்டு மணிகளுக்கு நடுவே பொடக்காளியில், அதாவது வீட்டின் பின்புறத்தில், கத்தும் மயில், தூரத்தில் ஓடத் தொடங்கும் மோட்டார், ஒரு முறை அமுச்சியின் இருமல் எல்லாம் உள்ளன. சுத்தமான நிசப்தத்தைவிட இந்த ஒலிகளோடு உட்கார்வது எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியூரில் அறை எடுத்துத் தங்கும்போது இன்னும் கூடுதலாகப் பிடிக்கிறது.

நான்காம் படி: கைபேசி எங்கே கிடக்க வேண்டும்

மடியில் வேண்டாம், கைக்கு எட்டும் இடத்தில் வேண்டாம், கண் திறந்தால் தெரியும் இடத்திலும் வேண்டாம். ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், உட்கார்பவர் அதை உள்ளறை மரப்பெட்டியின் மேல் கவிழ்த்து வைக்கலாம். மணி கேட்டால் போதும். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கைபேசி மேசைமேல் சும்மா இருந்தாலே கவனத் திறன் சற்றுக் குறைவதாகவும், வேறு அறையில் இருந்தால் அந்தக் குறைவு இல்லை என்றும் கண்டார்கள். பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே முடிவு வரவில்லை என்பதால் நான் அதை வேதவாக்காகச் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் கிடக்கும் பேசியை மனம் அவ்வப்போது ஓரக்கண்ணால் பார்க்கிறது என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

வீட்டில் பழைய கைபேசி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் அதையே தவத்துக்கு ஒதுக்கிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. சிம்மை எடுத்துவிட்டு, வாட்ஸாப்பையும் மற்றவற்றையும் நீக்கிவிட்டு, மணிக்கோப்பை மட்டும் ஏற்றிப் பூசையறையில் வைத்துவிடுங்கள். திரை விரிசல் விட்டிருந்தாலும் கவலையில்லை. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைத் தொட வேண்டாம், அது நெருப்புப் பிடிக்கும் பொருள்.

ஐந்தாம் படி: வழிகாட்டும் குரல்

குரலைக் கேட்டுக்கொண்டே தவம் செய்வது தொடக்கத்தில் உதவும். வேதாத்திரி மகரிஷியின் குரலிலேயே தவப் பதிவுகள் யூட்யூபில் கிடைக்கின்றன. ஈஷாவின் ‘ஈஷா கிரியா’ என்ற வழிகாட்டும் தியானமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ‘ஹெட்ஸ்பேஸ்’, ‘காம்’ முதலிய வெளிநாட்டுச் செயலிகள் நேர்த்தியானவைதான். என்றாலும் அவற்றின் ஆங்கிலத்தை மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே உட்கார்பவருக்கு அதுவே ஒரு வேலையாகிவிடுகிறது.

யூட்யூபில் கேட்பவர்களுக்கு இரண்டு தொல்லைகள். சந்தா கட்டாவிட்டால் திரை அணைந்ததும் ஒலியும் நின்றுவிடும். அதைவிட மோசமானது, மனம் அடங்கி வரும் வேளையில் நகைக்கடன் விளம்பரம் பெருங்குரலில் நுழைவது. ஆகவே ஒலிக்கோப்பாகவே தருகிற இடங்களிலிருந்து முறையாகப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஆசிரியரிடம் அனுமதி கேட்டு அவர் வழிநடத்தும்போது பதிவு செய்துகொள்ளுங்கள். தானாக அடுத்த காணொளி ஓடும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்களே பதிவு செய்து கொடுப்பது இன்னும் நல்லது. “தற்போது தங்கள் கவனத்தைச் சுவாசத்தின்பால் செலுத்துங்கள்” என்ற செயலிக் குரலைவிட, “முதுகு நேரா இருக்குதுங்களா, பாத்துக்குங்க; மூச்ச இழுக்க வேண்டாம், அது பாட்டுக்குப் போகட்டும்” என்று பேரனோ மருமகளோ சொல்வது அவர்களுக்கு ஒட்டும். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மூன்று மூச்சு அளவு சும்மா இருந்து, பிறகு அடுத்த வாக்கியம் சொல்லுங்கள். பதிவு செய்யும்போது இந்த இடைவெளி தாங்க முடியாத நீளமாகத் தோன்றும், கேட்கும்போது சரியாக இருக்கும்.

மூச்சு எண்ணும் செயலிகள்

திரையில் ஒரு வட்டம் விரிவதும் சுருங்குவதுமாகக் காட்டி மூச்சை நடத்தும் செயலிகள் பல உள்ளன. 5 நொடி உள்ளே, 5 நொடி வெளியே என்று நிமிடத்துக்கு 6 மூச்சாக நிதானப்படுத்துவது உடலைத் தளர்த்துகிறது என்பது மருத்துவ உலகமும் ஏற்றுக்கொண்ட ஒன்று. மூச்சு உள்ளே வரும்போது இதயத் துடிப்பு சற்று விரைந்தும் வெளியே போகும்போது சற்றுத் தணிந்தும் இயங்குவதே இதன் அடிப்படை. படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்யலாம். அதற்குமேல் போக வேண்டாம் என்பேன். திருமூலர் சொன்ன 16, 64, 32 என்ற பூரக, கும்பக, ரேசகக் (மூச்சை இழுத்தல், அடக்கல், விடுதல்) கணக்கைச் செயலியில் ஏற்றி மூச்சடக்கிப் பார்ப்பதாக என்னிடம் சொன்ன இளைஞர்கள் உண்டு. ஆசான் அருகில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் எந்தப் பயிற்சியையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

விரல் நுனியைக் கேமரா மேல் வைத்தால் இதயத் துடிப்பைச் சொல்லும் செயலிகளும் உண்டு. விளக்கொளி விரலுக்குள் பாய, ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கூடிக் குறைவதைக் கேமரா கணக்கிடுகிறது. வேடிக்கைக்குப் பார்க்கலாம். அந்த எண்ணைத் தவத்தின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டால், அடுத்த நாள் எண்ணைக் குறைப்பதற்காக உட்கார்ந்துகொண்டிருப்பீர்கள்.

ஆறாம் படி: தறி ஓடும் தெருவில்

விசைத்தறி ஊர்களான சோமனூரிலோ பள்ளிபாளையத்திலோ குடியிருப்பவர்களுக்கு நிசப்தமான அறை என்பது பேச்சுக்குத்தான். இரைச்சல் குறைக்கும் ஹெட்போன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். அந்தக் கருவி வெளியொலிக்கு எதிரான அலையை உண்டாக்கி அதை அழிக்கிறது. மின்விசிறி, பஸ் எஞ்சின் போன்ற தாழ்ந்த, ஒரே சீரான முனகலை நன்றாக அடக்கும். விசைத்தறியின் தடக் தடக்கென்ற அடி திடீர் திடீரென எழும் ஒலி. அதை அந்த அளவுக்கு அடக்காது. ஐபோனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் மழை, ஓடை, கடல் முதலிய பின்னணி ஒலிகள் உள்ளன. மெல்லிய அளவில் ஓடவிட்டால் தறியொலியின் முனை மழுங்கும். ஆனால் தறியை வெல்ல வேண்டுமென்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், காது கெடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் சத்தம் கூடக் கூட நேரம் விரைவாகச் சுருங்கும்.

செலவில்லாத வழி, நேரத்தை மாற்றிக்கொள்வது. எங்கள் தெருவில் காலையில் ஷிப்ட் மாறும்போது கால் மணி நேரம் தறிகள் ஓய்கின்றன. அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து அரை நாழிகை உட்கார்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். சூரியோதயத்தை ஒட்டி உட்கார விரும்புகிறவர்கள் கைபேசியின் வானிலைச் செயலியைப் பார்த்து மாதத்துக்கு ஒரு முறை அலாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். கோவையில் ஜூன் தொடக்கத்தில் ஆறு மணியை ஒட்டி உதிக்கும் சூரியன், ஜனவரி இறுதியில் ஆறே முக்காலை ஒட்டித்தான் உதிக்கிறது.

ஏழாம் படி: குறிப்பு எழுதுங்கள், தொடர் கணக்கை விடுங்கள்

பெரும்பாலான செயலிகள் எத்தனை நாள் தொடர்ந்து உட்கார்ந்தீர்கள் என்று எண்ணி, விட்டுப்போனால் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு மண்டலம், 48 நாள் என்று சங்கல்பம் செய்து பழகிய நமக்கு எண்ணிக்கை புதிதல்ல. ஆனால் எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காக இரவு பதினொன்றே முக்காலுக்குப் படுக்கையில் படுத்தபடி டைமரை ஓடவிட்டு உறங்கிப் போவதில் என்ன பயன்? இலண்டனில் நடந்த, 2010-இல் அச்சான ஓர் ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக ஆவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை மாறியது. ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் குலைக்கவில்லை என்றும் அதில் கண்டார்கள். ஆகவே தொடர் கணக்கைக் காட்டும் அறிவிப்பை அணைத்துவிட்டு, குறிப்புச் செயலியில் நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். என் குறிப்பில் பாதி வரிகள் ‘தூக்கம்’ என்றும், பல வரிகள் ‘கால் மரத்துப் போனது’ என்றும்தான் இருக்கும்.

சேர்ந்து உட்கார்வது

மன்றத்துக்குப் போக முடியாத வாரங்களில் ஜூம் வழியாகக் கூட்டுத் தவம் செய்பவர்கள் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும்; வாழ்த்துச் சொல்லும் இடத்தில் அறுந்தால் எல்லோருக்கும் சப்பென்று போகும், எனவே அதற்குள் முடியும்படி திட்டமிடுங்கள். அடுத்து, வழிநடத்துபவர் மணியடித்தால் சிலருக்குக் கேட்கவே கேட்காது. மணியோசையையும் இரைச்சலென்று கருதிச் செயலி வடிகட்டிவிடுவதே காரணம். வழிநடத்துபவர் மட்டும் ஒலி அமைப்பில் ‘அசல் ஒலி’ என்பதை இயக்கினால் ரீங்காரம் முழுதாகப் போய்ச் சேரும். மற்றவர்கள் எல்லோரும் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எட்டாம் படி: பணமும் அனுமதியும்

ஏழு நாள் இலவசம் என்று தொடங்கும் செயலிகள் பெரும்பாலும் அப்போதே கார்டையோ யுபிஐ ஆட்டோபேயையோ இணைத்துவிடும். எட்டாம் நாள் ஓராண்டுச் சந்தா கழிந்துவிடும். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, கட்டணங்கள், சந்தாக்கள் பகுதிக்குச் சென்று அங்கேதான் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ செயலியின் ஆட்டோபே பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தியானச் செயலிக்குத் தொடர்புப் பட்டியலும் இருப்பிடமும் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள். இலவசமாகவே பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு, இலாப நோக்கமற்ற ‘மெடிட்டோ’ போன்ற செயலிகள் உண்டு.

எப்போது நிறுத்த வேண்டும்

உட்காரும்போது படபடப்பு கூடிக்கொண்டே போனாலோ, பழைய கொடுமை ஒன்று திரும்பத் திரும்பக் கண்முன் வந்து உலுக்கினாலோ, தூக்கம் கெட்டு யாரோ பேசுவதுபோலக் கேட்டாலோ, செயலி சொல்லும் ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்ற ஊக்கத்தைக் கேட்க வேண்டாம். கண்ணைத் திறந்து எழுந்து வாசலில் நடங்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு ஆசிரியரிடமும் மனநல மருத்துவரிடமும் பேசுங்கள். ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. நாளின் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் தியானத்தை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து.

கடைசிப் படி: மணியையும் விடுவது

ஒரு மண்டலம் கழிந்ததும் பேசியின் வேலையைக் குறைக்கத் தொடங்குங்கள். முதலில் வழிகாட்டும் குரலை வாரத்துக்கு ஒரு நாளாக்குங்கள். பிறகு இடைமணியை எடுத்துவிடுங்கள். அதன்பின் வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், பேசியே இல்லாமல் உட்காருங்கள். அன்றைக்கு நேரம் காட்ட ஓர் ஊதுபத்தி போதும். ஆனால் ஒவ்வொரு வகைப் பத்தியும் ஒவ்வொரு நேரம் எரியும், காற்றடிக்கும் ஆடி மாதத்தில் இன்னும் விரைவாகத் தீரும். ஆகவே வழக்கமாக வாங்கும் பத்தியில் ஒன்றைக் கொளுத்திக் கைபேசியின் ஸ்டாப்வாட்சில் ஒரு முறை அளந்து, ஒரு நாழிகைக்கு எவ்வளவு நீளம் என்று கணக்கிட்டு, மிச்சத்தை ஒடித்துவிட்டுப் பற்றவையுங்கள். அந்த அளவைப் பத்திக் கவரின் மேலேயே பேனாவால் எழுதி வைத்துவிட்டால் மறுபடி அளக்க வேண்டியிருக்காது.